பிரிட்டோன் போட்டுவிட்டு இரவில் வான் ஓட்டலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணா திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறார். பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் ஹயர்கள். உடம்பில் தடிப்பும் அரிப்பும் கிளம்பும் நாட்களில் பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை போடுவார். தடிமன் பிடித்தால் அதோடு இருமல் பாணியும் சேரும். வீட்டில் யாராவது தடுத்தால், "நான் குடிப்பதில்லை, குளிசை எனக்குப் பழகிவிட்டது, நித்திரை வந்தால் எனக்குத் தெரியாதா?" என்கிறாராம். அவர் சொல்வது சரியா, வேறு எந்த மருந்துகள் ஓட்டத்தைக் கெடுக்கும், குளிசை போட்டு எத்தனை மணித்தியாலம் கழித்து ஓட்டலாம் என்பவை தங்கையின் கேள்விகள்.

மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அந்தக் கடைசி வாக்கியம்தான். நித்திரை வந்தால் தெரியும் என்று நம்பித்தான் எல்லோரும் திறப்பைக் கையில் எடுக்கிறார்கள். தெரியாமல் போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. எந்த மூளையைக் கொண்டு "நான் தெளிவாக இருக்கிறேனா" என்று பார்க்கிறோமோ, அந்த மூளையைத்தான் மருந்து மந்தப்படுத்தியிருக்கிறது.

பிரிட்டோனிலிருந்தே தொடங்குகிறேன். அதன் உள்ளே இருப்பது குளோர்பெனிரமின். ஒவ்வாமையின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் தும்மலையும் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவருகிறது. குளோர்பெனிரமின் அதன் வேலையைத் தடுக்கிறது. ஆனால் அதே ஹிஸ்டமினுக்கு மூளைக்குள் வேறொரு பொறுப்பு உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்ற இடத்தில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம் ஹிஸ்டமினைச் சுரந்துதான் நம்மை விழித்திருக்க வைக்கிறது. இரத்தத்திலிருந்து கண்ட பொருளெல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் அந்தத் தடுப்பை எளிதாகக் கடந்துவிடும். எனவே மூக்கில் தும்மலை நிறுத்தும் அதே குளிசை, மூளையில் விழிப்பையும் குறைக்கிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஒவ்வாமை உள்ள 40 பேரை, சாலையை அப்படியே திரையில் காட்டும் ஓட்டுப் பயிற்சிக் கூடத்தில் அமர்த்தினார்கள். குளோர்பெனிரமின் வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் ஒருமுறை, புதிய தலைமுறையைச் சேர்ந்த ஃபெக்ஸோஃபெனடின் ஒருமுறை, இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 100 மில்லிகிராம் அளவுக்கு மது ஒருமுறை, ஒன்றுமே இல்லாத போலிக் குளிசை ஒருமுறை என்று ஒரே ஆட்களுக்கே வெவ்வேறு நாட்களில் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 80 மில்லிகிராம். அதைவிடக் கூடுதலான போதையில் ஓட்டியதைக் காட்டிலும் டைஃபென்ஹைட்ரமின் போட்ட நாளில்தான் ஓட்டம் மோசமாக இருந்தது. ஃபெக்ஸோஃபெனடின் போட்ட நாள் ஏறக்குறைய போலிக் குளிசை போட்ட நாளைப் போலவே போனது. அண்ணாவிடம் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது அடுத்த விஷயம்: எவ்வளவு நித்திரையாக இருக்கிறது என்று ஓட்டியவர்களிடம் கேட்டுக் குறித்தார்கள். அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் ஓட்டிய தரத்துக்கும் நம்பத்தக்க தொடர்பு இருக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னவர்களும் மோசமாக ஓட்டினார்கள்.

பழகிவிட்டது என்கிறாரே, அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. தினமும் விடாமல் போடுபவருக்குச் சில நாட்களில் நித்திரை உணர்வு தணியும். ஆனால் அந்த உணர்வு தணிந்த அளவுக்கு மந்தமும் நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, அண்ணா தினமும் போடுபவர் அல்லர். தடிப்பு வரும் நாட்களில் மட்டும் போடுகிறார். அப்படிப் போடுபவருக்கு உடம்பு பழகவே நேரம் கிடைப்பதில்லை.

எத்தனை மணித்தியாலம் என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். வளர்ந்த ஒருவரின் உடம்பில் குளோர்பெனிரமின் பாதியாகக் குறையச் சராசரியாக 20 மணித்தியாலம் அளவில் எடுக்கும். இரவு 10 மணிக்குப் போட்ட குளிசையில் காலை 6 மணிக்கும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நான்கு ஐந்து மணித்தியாலத்தில் அரிப்பு திரும்பி வந்துவிட்டதால் மருந்து போய்விட்டது என்று நினைக்கிறோம். அது போகவில்லை. நாளைக்கு மூன்று தடவை போட்டால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே வரும். எனவே இரவு ஹயர் இருக்கும் நாளில் மாலையில் பிரிட்டோன் போட்டுவிட்டு "சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பினால் சரியாகிவிடும்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். போட்டால் அந்த இரவும் அடுத்த காலையும் ஓட்டம் இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

தடிமனுக்கு வாங்கும் கூட்டுக் குளிசைகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பரசிட்டமோலோடு குளோர்பெனிரமினும் சேர்ந்த குளிசைகள் பல பெயர்களில் விற்கின்றன. இருமல் பாணிகள் பலவற்றிலும் அதுவோ அதன் சொந்தக்காரர்களோ இருக்கிறார்கள். சிலவற்றில் நித்திரை தரும் கொடீன் என்ற மருந்தும் இருக்கும். தும்மலுக்கு ஒன்று, தலையிடிக்கு ஒன்று, இருமலுக்கு இரண்டு மூடி என்று எடுப்பவர், தெரியாமலே ஒரே மருந்தை இரண்டு மூன்று மடங்காக எடுத்திருப்பார். பெட்டியின் ஓரத்தில் சின்ன ஆங்கில எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கிளினிக்கில் கடித உறையில் போட்டுக் கொடுக்கும் குளிசைக்கு அதுவும் இல்லை. பிரான்ஸில் இத்தகைய மருந்துப் பெட்டிகளின் மேல் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் வாகனப் படம் அச்சிடுகிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் எவ்வளவு கவனம் தேவை என்று விளங்கிவிடும். நமக்கும் அப்படியொன்று வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி, மந்தம் என்று நான் சொல்வது வீதியில் எப்படித் தெரியும்? ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து விழுவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே வாகனம் தன் வரிசையில் இடமும் வலமுமாகச் சற்றே அலையத் தொடங்கும். நெதர்லாந்தில் இதையே அளவுகோலாக்கினார்கள். மருந்து கொடுத்த ஒருவரை, பக்கத்தில் பிரேக் வசதியுடன் ஒரு பயிற்றுநரை வைத்துக்கொண்டு, உண்மையான நெடுஞ்சாலையில் மணிக்கு 95 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் 100 கிலோமீற்றர் ஓட்டச் செய்து, வெள்ளைக் கோட்டிலிருந்து கார் எத்தனை சென்ரிமீற்றர் அலைகிறது என்று கருவியால் அளப்பார்கள். இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருக்கு இந்த அலைவு சராசரியாக இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் கூடுகிறது. கேட்டால் சிறிய எண்தான். ஆனால் இது முழுப் பயணத்தின் சராசரி; இடையிடையே கோட்டைத் தாண்டிப் போகும் கணங்களும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரையான வீதியை இரவு ஒரு மணிக்கு நினைத்துப் பாருங்கள். எதிரே நீண்டதூர பஸ் ஒன்று முழு வெளிச்சத்தோடு வருகிறது, கண் கூசுகிறது. அது கடந்துபோன அடுத்த கணம் இருட்டு. அந்த இருட்டுக்குள் வீதியின் நடுவே மாடு படுத்திருக்கலாம், காட்டு யானை கடந்துகொண்டிருக்கலாம். யானையின் கறுத்த உடம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மிக அருகில் வந்தபின்தான் தெரியும். நகருக்குள்ளேயே கூட பிரட்றிக் கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் இரவில் மான்கள் வீதியில் நிற்பது நமக்குத் தெரிந்ததுதானே. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். பிரேக்கை மிதிக்க அரை விநாடி பிந்தினால் 8 மீற்றர் கூடுதலாகப் போகும். கண் திறந்தபடியே நான்கு விநாடி மூளை மட்டும் உறங்கும் குட்டி நித்திரை வந்தால் 67 மீற்றர் யாரும் ஓட்டாமலே வான் போகிறது. அந்த நான்கு விநாடி பிறகு நினைவிலும் இருக்காது.

கவனத்தில் முதலில் உடைவது ஒரே நேரத்தில் பலவற்றைப் பார்க்கும் திறமை. நேர் வீதியில் தனியாகப் போகும்வரை மருந்து போட்டவர் நன்றாகவே ஓட்டுவார். அதனால்தான் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை குறைவதில்லை. வீதியைப் பார்க்க வேண்டும், பின்னால் முந்த வருபவனைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், பயணி கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஓரத்தில் சைக்கிளில் வருபவர் திரும்பப் போகிறாரா என்று ஊகிக்க வேண்டும் என்று நான்கும் சேர்ந்து வரும்போதுதான் ஒன்று கைவிட்டுப் போகிறது.

மற்ற மருந்துகளுக்கு வருகிறேன். நித்திரைக் குளிசைகளும் பதற்றத்துக்குக் கொடுக்கும் குளிசைகளும் எல்லாவற்றிலும் கடுமையானவை. டயசிபாம் பாதியாகக் குறைய 20 முதல் 50 மணித்தியாலம் வரை ஆகும். அது உடைந்து உண்டாகும் பொருளும் வேலை செய்யும், அது இன்னும் நீண்ட நேரம் தங்கும். வயது போனவர்களுக்கு எல்லாமே மெதுவாகத்தான் வெளியேறும். குறைந்த நேரமே வேலை செய்யும் என்று பெயரெடுத்த சொல்பிடெம்கூட மறுநாள் காலை ஓட்டத்தைக் கெடுப்பதைக் கண்டு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கச் சொன்னது. பெண்களின் உடம்பு அதை மெதுவாக வெளியேற்றுகிறது என்பதே காரணம். நரம்பு வலிக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பயணக் குமட்டலுக்குக் கொடுக்கும் புரோமெதசின், வலிக்குக் கொடுக்கும் டிரமடோல், பிரெகபலின் ஆகியவையும் இதே வரிசையில் நிற்பவை. புதிதாகத் தொடங்கும் வாரமும் அளவைக் கூட்டும் வாரமும்தான் மிக ஆபத்தானவை. பிரஷருக்குக் கொடுக்கும் பிராசோசின் முதல் நாளில் எழும்பியவுடன் தலைச்சுற்றைத் தரும். முதல் குளிசையைப் படுக்கப் போகும்போது போடச் சொல்வது அதனால்தான்.

நித்திரையே தராத ஒரு மருந்து வகை சாரதியை இவற்றுக்குச் சமமாக ஆபத்தில் தள்ளும். சீனி வருத்தத்துக்கான இன்சுலினும் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளும்தான் அவை. மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சும் யோசனையும் குழம்பும். அந்தக் குழப்பத்திலேயே ஓட்டிக்கொண்டு போனவர்கள், குடித்திருக்கிறார்கள் என்று மற்றவர் நினைக்கும்படி ஓட்டுவார்கள். பிரஷருக்கோ படபடப்புக்கோ புரொப்ரனொலோல் போடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியில் தெரியாது. வியர்வையைத் தவிர மற்ற எச்சரிக்கை மணிகள் பெரும்பாலும் அடிக்காமலே குழப்பம் வரும். பிரித்தானியாவில் இன்சுலின் போடும் சாரதிகளுக்குச் சொல்லும் அறிவுரை நமக்கும் பொருந்தும்: புறப்படும் முன் சீனியைப் பாருங்கள், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், வழியில் சீனி இறங்கிவிட்டால் ஓரமாக நிறுத்தி இனிப்பு எடுத்து, சீனி சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் பகலில் ஓடும் சாரதிகளும், கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களும் குளிசையின் அளவையும் நேரத்தையும் நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு பிடித்துக்கொண்டு பழைய அளவையே போடுவதுதான் விபரீதம். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்க விடும் துளிகளுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணா குடிப்பதில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் வாசிப்பவர்களில் குடிப்பவர்களும் இருப்பார்கள். குடித்த மது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சராசரியாக மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் குறையும். தேசிக்காய், குளியல், கடுங்கோப்பி எதுவும் அதை விரைவுபடுத்தாது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் கல்யாண வீட்டில் இரவு 9 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் அரைப் போத்தல் முடித்தால், காலை 5 மணிக்கு வான் எடுக்கும்போதும் சட்ட எல்லையான 80ஐ ஒட்டித்தான் நிற்பார். அந்த எல்லைக்கு வெகு கீழேயே, 20 மில்லிகிராமிலேயே, பலவற்றைச் சேர்த்துக் கவனிக்கும் திறமை குறையத் தொடங்கிவிடும். ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் தானே புளித்து உண்டான மது 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். மருந்தளவில் குடித்தால் பெரிதல்ல. பிரிட்டோனோடோ நித்திரைக் குளிசையோடோ மது எந்த வடிவில் சேர்ந்தாலும் இரண்டின் மந்தமும் கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மதுவைப் போலவே போதைப்பொருள் எடுத்து ஓட்டுவதையும் தடுக்கிறது.

கஞ்சா அடித்தவர் மெதுவாக ஓட்டுகிறார் என்று அதற்குப் பரிந்து பேசுகிறார்கள். மெதுவாக ஓட்டுவது உண்மைதான்; வரிசையில் அலைவதும், திடீரென்று குறுக்கே வருவதற்குத் தாமதமாக விழிப்பதும் அதைவிடப் பெரிய உண்மை. புகைத்த பிறகு பல மணித்தியாலம் அது நீடிக்கும்.

ஐஸ் என்று சொல்லும் மெதம்பெட்டமின் போதைப்பொருள் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கொட்பேயிலிருந்து பேலியகொடைக்கு மீன் கொண்டுபோகும் லொறிச் சாரதிகளைப் போல, விடியுமுன் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டிய ஓட்டம் ஓடுபவர்களிடம் "இது போட்டால் நித்திரையே வராது" என்று யாராவது காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். அவர்களின் களைப்பு எனக்குப் புரிகிறது; அதைப் பயன்படுத்திப் பிழைக்கிறவர்கள்மேல்தான் கோபம் வருகிறது. ஐஸ் களைப்பை மறைக்கும், தீர்க்காது. கண் நேர் முன்னால் மட்டும் குத்திட்டு நிற்கும், ஓரங்கள் விட்டுப்போகும். துணிச்சல் கூடும், முந்தக்கூடாத வளைவில் முந்தத் தோன்றும். மருந்து இறங்கும்போது அடக்கி வைத்த நித்திரை முழுவதும் ஒரேயடியாக வந்து விழும், அது வீதியில்தான் விழும்.

களைப்புக்கு உண்மையான மருந்து நித்திரைதான். வழியில் கண் சொருகினால் வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் படுங்கள். கோப்பி வேலை செய்யச் சுமார் அரை மணித்தியாலம் எடுக்கும். எழும்பும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அது கொஞ்ச நேரத்துக்குத்தான். யன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. இரவு 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே அடங்கப் பார்க்கும் நேரம். பகலில் போட்டால் சமாளிக்கும் குளிசை அந்த நேரத்தில் சமாளிக்க விடாது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு யாரும் பிரஷர்க் குளிசையையோ வலிப்புக் குளிசையையோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்திய சாரதி, மருந்து எடுக்கும் சாரதியைவிடப் பல மடங்கு ஆபத்தானவர். வைத்தியரிடமும் மருந்தகத்திலும் வாயைத் திறந்து "நான் வாகனம் ஓடுகிறவன், இரவிலும் ஓடுகிறேன்" என்று சொல்லுங்கள். எங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பது சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்? பெரும்பாலான மருந்துகளுக்கு மாற்று இருக்கிறது; மாற்று இல்லாவிட்டால் நேரத்தையாவது மாற்றலாம்.

அண்ணாவின் விஷயத்தில் மாற்று எளிது. லோரடடின் அல்லது ஃபெக்ஸோஃபெனடின் பற்றி அவரை வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இவை மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும், நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். செட்டிரிசினும் புதிய தலைமுறைதான், ஆனால் சிலருக்கு நித்திரை தரும். இரவு ஓட்டத்துக்கு அதை நான் முதலில் எடுத்துக் கொடுக்கமாட்டேன். எந்தக் குளிசையானாலும் முதல் தடவை ஹயர் இல்லாத நாளில் போட்டுப் பார்க்கட்டும். தடிப்பு அடிக்கடி வருகிறதென்றால் காரணத்தையும் வைத்தியர் பார்க்க வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால் குளிசையைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃபெக்ஸோஃபெனடின் எழுதிக் கொடுத்தால் அதைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கச் சொல்லுங்கள். தோடம்பழச் சாறோ அப்பிள் சாறோ குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது; அரிப்பு நிற்கவில்லை என்று அவர் மறுபடி பிரிட்டோனையே தேடிப் போவார்.